முளைத்த நாள் முதல் முற்றும் நாள் வரை: திருகோணமலைச் சிறு கமக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலத்தில் சோளம், பயறு, உழுந்து, கௌபி, நிலக்கடலை, மிளகாய், சின்ன வெங்காயம் முதலியவற்றைச் செய்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. நெற்செய்கை தனியே பேச வேண்டிய விடயம் என்பதால் அதை இங்கு சேர்க்கவில்லை. நிலம் பண்படுத்தலையும் விதைத் தெரிவையும் விட்டுவிட்டு, பயிர் முளைத்த பின் செய்ய வேண்டியவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டுள்ளோம்.

பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் பயிரைப் பராமரிக்கும் முறை ஒன்றுதானா?

இல்லை, ஏறத்தாழ எதிரெதிரானவை என்றே சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்திற்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களில், குறிப்பாக நவம்பரிலும் டிசம்பரிலும் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே பெரும்போகத்தில் மேட்டுநிலப் பயிர் செய்பவரின் முதன்மையான வேலை தண்ணீரை வெளியேற்றுவதாகும். பயறும் உழுந்தும் வேர் நனைந்து நிற்பதைத் தாங்காதவை. இரண்டு மூன்று நாட்கள் நீர் தேங்கினாலே இலை மஞ்சளாகி, வேர் அழுகத் தொடங்கிவிடும். கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துக் களிப்பான நிலங்களில் பாத்திகளைச் சற்று உயர்த்தி, சால்கள் எல்லாம் ஒரு வடிகாலில் போய்ச் சேரும்படி முன்கூட்டியே வெட்டிவைக்க வேண்டும். பெருமழை பெய்து விட்ட மறுநாட் காலையில் மண்வெட்டியுடன் ஒருமுறை சுற்றிவந்து, அடைபட்ட வாய்களைத் திறந்துவிடுவது எந்தப் பசளையை விடவும் அந்த வாரத்திற்குப் பயனுள்ளது.

சிறுபோகத்தில் நிலைமை தலைகீழாகிவிடும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வீசும் கச்சான் காற்று மலைநாட்டைத் தாண்டி இறங்கும்போது ஈரத்தை இழந்து, சூடேறி வருவதால், மண்ணில் ஈரம் இருக்கும்போதே நண்பகலில் செடி வாடி நிற்பதைக் காணலாம். அப்படி வாடியது மாலையில் தானாக நிமிர்ந்துவிட்டால் அது தண்ணீர்ப் பஞ்சமல்ல. விடியற்காலையிலும் வாடியே இருந்தால்தான் இறைப்புப் பிந்திவிட்டது என்று கொள்ள வேண்டும். பயிரைப் பார்க்க உகந்த நேரம் காலை என்று மூத்தவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முளைத்ததும் முதலில் செய்ய வேண்டியது என்ன?

இடைவெளி நிரப்புவதும் ஐதாக்குவதும். முளைக்காத இடங்களில் ஒரு வாரத்திற்குள் மீண்டும் விதையிட வேண்டும். அதற்குப் பிந்தி இடுபவை முன்னே முளைத்தவற்றின் நிழலில் அகப்பட்டுக் களை போலவே நிற்கும். குழிக்கு இரண்டு மூன்று விதை போட்டவர்கள், இரண்டு வாரத்திற்குள் வலுவான செடியை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட வேண்டும். ஈரமில்லாத மண்ணில் பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடிவிடுமாதலால், தண்ணீர் கட்டிய பின் பிடுங்குவதோ, மண்மட்டத்தில் கிள்ளிவிடுவதோ நல்லது.

சோளத்திற்கு 60 சென்ரிமீற்றருக்கு 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் குழிக்கு ஒரு செடி என்று வைத்தால், ஏக்கருக்கு ஏறக்குறைய 22,000 செடிகள் நிற்கும். அதற்கு மேல் நெருக்கினால் பொத்திகள் சிறுத்து, நுனியில் மணி கட்டாமல் போகும். முளைத்த செடியைப் பிடுங்கியெறிய மனம் வராமல் எல்லாவற்றையும் விட்டுவைப்பவர்களே எங்களிடையே அதிகம். பின்னர் அதே நெரிசலில் காற்றோட்டமின்றிப் பங்கசு நோய் வந்ததும் மருந்துக்குச் செலவழிக்கிறார்கள்.

களையை எத்தனை முறை எடுக்க வேண்டும்?

எத்தனை முறை என்பதை விட எப்போது என்பதே கேள்வி. பயறு, உழுந்து, கௌபி ஆகியவற்றுக்கு முதல் நான்கு வாரங்களும், சோளத்திற்கு இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரையும் களை இருக்கக் கூடாது. இலைகள் விரிந்து தரையை மூடிய பின் முளைக்கும் களை விளைச்சலைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அறுவடைக்கு இடைஞ்சலாக இருக்குமென்றால் மட்டும் அதை எடுத்தாற் போதும். கூலிக்கு ஆள் பிடிக்க ஒரேயொரு முறைதான் வசதியுண்டு என்றால், அந்த ஒரு முறையை விதைத்துப் பதினைந்து முதல் இருபது நாட்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கோரை மட்டும் விதிவிலக்கு. மேலே கொத்திவிட்டால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குகள் பிரிந்து, இரட்டிப்பாக முளைக்கும். அதைக் கிழங்கோடு தோண்டி எடுத்து, வரம்பிற் போடாமல் வெயிலில் நன்கு காயவிட வேண்டும். கோரை மிகுந்த துண்டில் ஒரு போகம் நெருக்கமாகக் கௌபி போட்டு நிழலால் அடக்குவதும் நடைமுறையில் உள்ள வழிதான்.

பயறுக்கும் உழுந்துக்கும் யூரியா போட வேண்டுமா?

தொடக்கத்தில் ஒரு சிறிதளவு போதும். இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. மண்ணில் யூரியா அதிகமாகக் கிடந்தால் செடி முடிச்சுகளை வளர்ப்பதில் அக்கறை காட்டாது, இலையும் கொடியுமாகப் படர்ந்து காயைக் குறைத்துவிடும்.

முடிச்சு வேலை செய்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். முளைத்து ஒரு மாதமளவில் மண் ஈரமாக இருக்கும்போது, ஒரு செடியை மண்வெட்டியால் சுற்றி அகழ்ந்து மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். வேரில் ஒட்டிய சிறு உருண்டைகளில் ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது நைதரசன் பிடிக்கவில்லை என்று பொருள். அப்போதுதான் பூக்கும் பருவத்தில் மேற்கட்டுப் பசளையை, அதாவது பயிர் வளர்ந்த பின் இடும் பசளையை, பற்றி யோசிக்க வேண்டும்.

சோளம் அப்படிப்பட்டதல்ல, அது நைதரசனை நம்பி வளர்வது. விதைக்கும்போது இடும் அடிக்கட்டுப் பசளைக்குப் பின் நான்காம், ஐந்தாம் வாரத்தில் யூரியாவைக் கொடுத்து, உடனே மண் அணைத்து மூடிவிட வேண்டும். காய்ந்த மண்ணின் மேல் எறிந்த யூரியா கச்சான் காற்றில் அமோனியாவாக ஆவியாகிப் போகும். பெருமழைக்கு முன்னாள் இட்டது மணல் நிலத்தில் வேருக்குக் கீழே வடிந்துவிடும். ஆகவே நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோர மணற்பாங்கான இடங்களில் ஒரே முறையில் இடுவதை இரண்டு மூன்றாகப் பிரித்து இடுவது நல்லது. அளவை மண் பரிசோதனைப்படி உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரின் அளவு அவருடைய மண்ணுக்கானது.

இரசாயனப் பசளையை முற்றாக விட்டுவிடலாமா?

படிப்படியாகக் குறைக்கலாம், ஒரே போகத்தில் நிறுத்த முடியாது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரென நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் அந்த முடிவைக் கைவிட்டபோது, இடைப்பட்ட காலத்தில் பாடுபட்டவர்கள் நாங்கள்தான். கூட்டெருவும் சாணமும் மண்ணின் நீர்ப்பிடிப்பைக் கூட்டுவதால் மணல் நிலத்தில் அவற்றின் பெறுமதி பெரிது. ஆயினும் அவற்றிலுள்ள நைதரசன் குறைவாதலால், தேவையான முழு அளவையும் அவற்றாற் கொடுப்பதற்கு ஏக்கருக்குப் பல தொன் வேண்டும். மாடு வைத்திருப்பவருக்கு அது இயலும். மற்றவர்கள் இரண்டையும் சேர்த்தே போக வேண்டும்.

ஓர் ஏக்கருக்கு எவ்வளவு தண்ணீர் இறைக்க வேண்டும்?

கணக்கு எளிது. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் உயரத்திற்கு நீர் நிற்க ஏறத்தாழ 4,000 லீற்றர் வேண்டும். நன்கு வளர்ந்த பயிர் காற்றும் வெயிலும் மிகுந்த நாளில் ஐந்து மில்லிமீற்றர் அளவு குடிக்கும் என்று கொண்டால், நாளொன்றுக்கு 20,000 லீற்றர் ஆகிறது. உங்கள் பம்பு 200 லீற்றர் பீப்பாவை எத்தனை நொடியில் நிரப்புகிறது என்று ஒருமுறை கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டால், எத்தனை மணித்தியாலம் ஓட வேண்டும் என்பதும், கிணறு அதைத் தாங்குமா என்பதும் தெரிந்துவிடும். தாங்காது என்று கணக்குச் சொன்னால் பரப்பைக் குறையுங்கள். அரைகுறையாக நனைந்த ஓர் ஏக்கரை விட, முழுமையாக நனைந்த அரை ஏக்கர் கூடுதலாகத் தரும்.

எப்போது இறைப்பது என்பதற்குக் கையே கருவி. வேரருகே அரையடி ஆழத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். செம்மண் உருண்டையாக நின்றால் இன்னும் பொறுக்கலாம். விரலை விரித்ததும் உதிர்ந்தால் அன்றே இறைக்க வேண்டும். மணலுக்குக் குறைவாக, அடிக்கடி. செம்மண்ணுக்குக் கூடுதலாக, நாள் விட்டு. காற்று அடங்கிய அதிகாலையில் இறைத்தால் ஆவியாவது குறையும். வைக்கோல் இருந்தால் மிளகாய் வரிசைகளுக்கிடையில் பரப்பிவிடுங்கள்.

எல்லா நாளும் இறைக்க முடியாதவர்கள் சில நாட்களையாவது விடக் கூடாது. சோளத்திற்கு ஆண்பூ வெளிவந்து, பொத்தியில் நூல் தள்ளும் இரண்டு வாரங்கள் அப்படிப்பட்டவை. அப்போது காய்ந்தால் மகரந்தம் சேராமல் பொத்தியில் பல்லுப் போன வாய் போல இடையிடையே வெறுமை விழும். பயறு, உழுந்துக்குப் பூப்பதும் காய் நிரம்புவதும். நிலக்கடலைக்குப் பூவிலிருந்து ஊசி இறங்கி மண்ணுக்குள் காய் கட்டும் காலம்.

கந்தளாய்க் குளத்தின் கீழும் அல்லை நீர்ப்பாசனத் திட்டத்தின் கீழும் காணி உள்ளவர்களுக்கு நீர் முறை வைத்தே வரும் என்பதால், பூக்கும் வாரம் நீர் நிறுத்தும் நாளுக்குள் வருமா என்பதை நீர் விடும் நாட்களைத் தீர்மானிக்கும் போக ஆரம்பக் கூட்டத்துத் திகதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே விதைப்பு நாளைக் குறிக்க வேண்டும். பெரும்போக நெல் அறுத்த வயலில் எஞ்சிய ஈரத்தை நம்பிப் பயறு போடுபவர்களும் இதையே கவனிக்க வேண்டும். இரண்டு மாதமளவில் முற்றும் எம்.ஐ. 6 போன்ற குறுகிய கால இனங்கள் அதற்கு ஏற்றவை.

கரையோரக் கிணற்று நீரால் பயிர் கருகுகிறது. என்ன செய்வது?

இலையின் ஓரம் மட்டும் காய்ந்து, மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்குத் தென்பட்டால் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். கரையோர மணலில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் ஒரு படலமாகவே மிதந்து நிற்கிறது. வரட்சி நீண்ட ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் ஒரே மூச்சில் அதிகமாக இறைக்கும்போது, கீழேயிருக்கும் உப்புநீர் மேலே ஏறிவிடுகிறது. கிணற்றை ஆழமாக்குவது இதற்குத் தீர்வல்ல, நிலைமையை மோசமாக்கும். விட்டு விட்டு, கொஞ்சங் கொஞ்சமாக இறைப்பதும், நீரை இலையிற் படாமல் வேருக்குக் கொடுப்பதும் உதவும். நீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளந்து பார்த்து, உயர்வாக இருந்தால் பயறு, வெங்காயம், மிளகாய் போன்ற உப்புத் தாங்காத பயிர்களை அந்தப் போகத்தில் தவிர்த்துவிடுங்கள்.

நிலக்கடலைக்கு மண் அணைக்கும் சரியான நேரம் எது?

பூக்கத் தொடங்கும் நாட்கள். அதாவது ஐந்தாம் வாரமளவில். பூ வாடிய பின் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற ஒன்று வளைந்து இறங்கி மண்ணைத் துளைக்கும். அதன் நுனியே காயாகிறது. மண் இறுகிக் கிடந்தால் ஊசி நுழையாமல் காய்ந்துபோகும். ஆகவே அதற்கு முன் களையெடுத்து, மண்ணைப் பொலபொலப்பாக்கி, செடியின் அடிக்குச் சேர்த்துவிட வேண்டும். ஊசி இறங்கிய பின் வரிசைக்குள் மண்வெட்டி போகவே கூடாது. அதன் பின் முளைக்கும் களையைக் கையாற் பிடுங்குங்கள்.

அணைக்கும்போதே கல்சியம் உள்ள ஜிப்சத்தை இடுவது வழக்கம். காய் தனக்கு வேண்டிய கல்சியத்தை வேர் வழியாகப் பெறாமல், தன் ஓட்டின் மூலம் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கிறது; கல்சியம் போதாவிட்டால் மேலே செடி செழித்திருக்க, கீழே ஓடு மட்டும் இருக்கும்.

சோளத்தில் சேனா புழுவை எப்படி அடக்குவது?

2018இல் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட இந்தப் படைப்புழு, இப்போது சோளம் உள்ள இடமெல்லாம் உள்ளது. தலையில் கவிழ்ந்த ஆங்கில வை எழுத்துப் போன்ற வெளிறிய கோடும், வாலுக்கு அண்மையில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அதுதான். தாய் அந்து இலையில் கூட்டமாக முட்டையிட்டு மயிர் போன்ற போர்வையால் மூடிவிடும். இரண்டு மூன்று நாளில் பொரிக்கும் குஞ்சுகள் இலையின் பச்சையை மட்டும் சுரண்டுவதால், இலை கண்ணாடித் தாள் போலத் தெரியும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் மட்டுமே மருந்து பயன்தரும். குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற எச்சத்தால் வாயை அடைத்துக்கொண்ட பெரிய புழுவின் மேல் எதைத் தெளித்தாலும் அதன் உடலில் படப்போவதில்லை.

ஆகவே முளைத்து ஒரு வாரத்திலிருந்து குருத்து விரியும் வரை வாரம் இருமுறை வரிசைகளினூடே நடந்து, முட்டைக் குவியல்களை நசுக்கிவிடுங்கள். சிறு தோட்டத்தில் இது முடியும்; ஐம்பது ஏக்கர்க்காரரால்தான் முடியாது. குருத்துக்குள் மணலோ சாம்பலோ ஒரு சிட்டிகை இடுவதும் புழுக்களைக் குறைக்கும். தெளிப்பதாயின், புழு வெளிவரும் மாலை வேளையில் தெளிகருவியின் முனையைக் குருத்தின் நேர் மேலே பிடித்துத் தெளியுங்கள். ஆண்பூ வந்த பின் தெளிப்பது வீண் செலவு.

பயற்றஞ் செடிகள் திடீரென வாடிச் சாகின்றன. சிலவற்றில் இலை மஞ்சளாகிறது. இரண்டும் ஒரே நோயா?

இல்லை. மூன்று வாரத்திற்குள் வாடினால் தண்டின் அடியைப் பாருங்கள். அது தடித்து, வெடித்து, உள்ளே சிறு புழுவோ கபில நிறக் கூட்டுப்புழுவோ இருந்தால் அது அவரை ஈயின் வேலை. இலை விரிந்தவுடனேயே ஈ முட்டையிட்டுவிடுவதால், வாடிய பின் தெளித்துப் பயனில்லை. விதைக்கு முன்கூட்டியே மருந்து பூசுவதும், ஊரோடு சேர்ந்து காலத்தில் விதைப்பதுமே காப்பு. தப்பிய செடிகளுக்கு மண் அணைத்துத் தண்ணீர் கொடுத்தால், காயத்தின் மேலிருந்து புதுவேர் விட்டு மீளும்.

இலையில் பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தால் அது மஞ்சள் மொசைக் வைரசு. வைரசைக் கொல்ல மருந்து இல்லை. அதைக் கொண்டுவரும் வெண் ஈயைத்தான் கட்டுப்படுத்தலாம். முதலில் கண்ட சில செடிகளை அன்றே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். தோட்டத்தின் பாதி மஞ்சளான பின் பிடுங்குவதில் அர்த்தமில்லை.

மிளகாய் இலை சுருளுகிறதே?

மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் பனிப்பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டிருந்தால் சிற்றுண்ணி. முன்னதற்கான மருந்து பின்னதைக் கொல்லாது. சிற்றுண்ணிக்குக் கந்தக மருந்துகள் உதவும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் கடைக்காரர் கொடுத்ததை அடிப்பதுதான் மிளகாய்ச் செய்கையில் பணம் கரையும் முதல் வழி.

சின்ன வெங்காயத்திற்குத் தனியாக ஏதும் உண்டா?

வேர் மிக மேலோட்டமானது என்பதால் களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். தாள் சாயத் தொடங்கியதும் இறைப்பை நிறுத்துங்கள். ஈரத்தில் பிடுங்கிய வெங்காயம் தங்காது.

இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து தெளிக்கலாமா?

கூடாது. சில கலவைகள் ஒன்றின் வேலையை ஒன்று கெடுக்கும், சில இலையைக் கருக்கும், எல்லாமே எது பயன்தந்தது என்ற தடயத்தை அழித்துவிடும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டவையே விற்கப்பட வேண்டும். தமிழில் சுட்டுத்துண்டு ஒட்டப்படாத போத்தலையும், கடையில் பிரித்து ஊற்றிக் கொடுப்பதையும் வாங்காதீர்கள். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையில் விட வேண்டிய நாட்கள் அந்தச் சுட்டுத்துண்டிலேயே இருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மிளகாய் பறிப்பவர்களுக்கு அதுவே முக்கியம். காற்றுக்கு எதிராகத் தெளிக்கக் கூடாது; கச்சான் காலத்தில் காலை எட்டு மணிக்குப் பின், மாலையில் காற்று அடங்கும் வரை தெளிக்கவே கூடாது என்பது என் கருத்து.

பன்றி, மயில், யானை ஆகியவற்றிலிருந்து எப்படிக் காப்பது?

பன்றி, நிலக்கடலையில் காய் நிரம்பும் வாரங்களிலும் சோளத்தில் பால் பிடிக்கும் வாரங்களிலும்தான் மும்முரமாக வரும். காவலை அந்த வாரங்களுக்கு ஒதுக்குங்கள். மயிலும் கிளியும் விதைத்த முதற் கிழமையிலும் மணி முற்றும்போதும் வரும். மினுங்கும் நாடாக்களுக்கு அவை சில நாளிற் பழகிவிடுவதால் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

யானைக்குத் தனியொருவர் செய்யக்கூடியது குறைவு. காட்டோரக் காணிகள் சில சேர்ந்து அனுமதி பெற்ற மின்வேலி அமைத்து, அதன் கீழ் வளரும் புல்லையும் கொடியையும் வெட்டிக்கொண்டே இருந்தால் மட்டுமே அது நிற்கும். புல் முட்டிய கம்பியில் அழுத்தம் இறங்கிவிடும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பிக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். அதில் மனிதர்களும் இறந்திருக்கிறார்கள். விலங்கு தட்டியதும் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கும் அவ்வாறே.

முற்றிவிட்டது என்பதை எப்படி அறிவது?

நிலக்கடலையில் சில செடிகளைப் பிடுங்கிக் காயை உடைத்து, ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். பெரும்பாலான காய்களில் அது கருமையடைந்திருந்தால் அறுவடைக்கு நேரம். பிந்தினால் காய் மண்ணிலேயே தங்கிவிடும். சரியாகக் காயாத கடலையில் அஃபிளாரொக்சின் என்ற நச்சைத் தரும் பூஞ்சை பிடிக்கும். சோள மணியைப் பொத்தியிலிருந்து பெயர்த்தால் அடியில் கரும்புள்ளி தென்பட வேண்டும். பயற்றங்காய் கறுக்கக் கறுக்க இரண்டு மூன்று முறை காலையில் பறிக்க வேண்டும். வெயிலேறிய பின் தொட்டால் காய் வெடித்து மணி சிந்தும்.

இதற்கு மேல் யாரிடம் கேட்கலாம்?

உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் விசாரித்துச் சந்திக்கலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம். போகும்போது ஒற்றை இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். நோய் தொடங்கியுள்ள செடி ஒன்றையும் நல்ல செடி ஒன்றையும் வேரோடும் அடி மண்ணோடும் எடுத்து, பொலித்தீனில் புழுங்கவிடாமல் கடதாசியிற் சுற்றிக் கொண்டுபோங்கள். விதைத்த திகதி, கடைசியாக இறைத்த நாள், இட்ட பசளை, தெளித்த மருந்தின் பெயர் ஆகியவற்றையும் ஒரு துண்டில் எழுதிச் சென்றால், பதில் விரைவாகக் கிடைக்கும்.